சகலனின் காந்தம்

"...கண்ணை ரோட்டில இருந்து எடுக்கவே தேவையில்லை, அண்ணை. கையை இப்பிடிக் கீழ விட்டாப் போதும், துவக்கு கையில இருக்கும்."

சொன்னவர் என் சகலன். மனைவியின் தங்கையைக் கட்டியவர், பென்சில்வேனியாவில் பெற்றோல் நிலையம் நடத்துகிறவர். மொன்றியலின் லாசாலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்தியிருந்த தன் புது ஜீப்பின் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் காட்டினார். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கறுப்புக் காந்தம், ரப்பர் உறை போட்டது, இரண்டு திருகாணியில் இறுகியிருந்தது. அதில் ஒட்டிவைக்கும் கைத்துப்பாக்கியைப் பென்சில்வேனியா வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். எல்லை தாண்டி இங்கே கொண்டுவர விடமாட்டார்கள். காந்தம் மட்டும் வந்திருந்தது.

அந்த வெறுங் காந்தத்தைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது. என் பழைய வான் வண்டியில் அதே இடத்தில் தொங்குவது எதற்கென்று எனக்கே தெரியாத ஒரு வயர்.

உண்மையில் எரிச்சல் காந்தத்தால் மட்டுமல்ல. அவர் வந்தது மாமியை, எங்கள் மனைவிமாரின் தாயை, தன்னோடு கூட்டிப்போக. ஆறு வருஷமாக எங்களோடு இருந்தவரை. மாமி ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். மனிதர் வாயிலிருந்து விழும் சொற்களைப் பொறுக்கி வைப்பதுதான் என் படிப்பு. மாமி முதல் பனியைப் பார்த்து, "மேல ஆரோ நிப்பாட்டாமத் தேங்காய் துருவுறாங்கள்" என்றார். மெட்ரோவில் ஏறி இறங்கியதும், "பாம்பின்ர வயித்துக்குள்ள போய்ட்டு வாறம்" என்றார். ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? அவரை இன்னொருவருக்கு விட எனக்கு மனமில்லை. ஆனால் என்னை ஆறு வருஷமாகத் 'தம்பி' என்றவர், சகலனை வந்த அன்றே 'ராசா' என்றார்.

சனிக்கிழமை காலை மூவரும் ஜீப்பில் மீன் வாங்கப் புறப்பட்டோம். மாமி முன்னால், நான் பின்னால்.

"மாமி, உங்கட பாக்குவெட்டியை ஒருக்காத் தாங்கோ," என்றார் சகலன்.

மாமியின் கைப்பையில் எப்போதும் இருக்கும் இரும்புப் பாக்குவெட்டி அது. அதைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது.

"அட ராசா! பூனைக்குட்டி மாதிரியெல்லோ கவ்வுது!" என்று மாமி கைதட்டிச் சிரித்தார்.

என் காது சுட்டது.

"நல்ல ரோட்டில எதுவும் ஒட்டும், தம்பி," என்றேன். "எங்கட மொன்றியல் ரோட்டுக் கிடங்குகளுக்கு உது தாங்காது."

"தாங்கும் அண்ணை. பந்தயமோ?"

பனி கரைந்த மாதம். தெருவெங்கும் தார் பெயர்ந்த குழிகள், கிடங்குகள். அவற்றில் ஆகப் பெரியது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். என் வானின் ஒரு சில்லை ரயரோடு அது ஏற்கெனவே விழுங்கியிருந்தது. மீன்கடைக்கு நேர்வழி இருக்க, "இதில வலத்தால எடுங்கோ," என்றேன். பாக்குவெட்டி விழவேண்டும், மாமி அதைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கிடங்கில் சில்லு இறங்கியது. வெடித்ததுபோல் ஒரு சத்தம்.

பாக்குவெட்டி விழவில்லை. சகலன் பிரேக்கை மிதித்தார். மறுகணம் பாக்குவெட்டி அவர் கையில் இருந்தது. பக்கத்து ஜன்னல் கண்ணாடியை நோக்கி அதை நீட்டிப் பிடித்தபடி, மூச்சுவிடாமல் இருந்தார். வெளியே ஒருவரும் இல்லை.

நான் சிரிக்க வாயெடுத்தேன். மாமி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"ராசா, ஒருத்தரும் இல்லையடா. கிடங்கு," என்றபடி மாமி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாக்குவெட்டியை வாங்கினார்.

ரோட்டைப் பார்த்தபடியே சகலன் சொன்னார்: "போன மாரி, பட்டப்பகலில, நான் காருக்குள்ள இருக்கேக்க ஒருத்தன் கண்ணாடியை அடிச்சு உடைச்சவன், மாமி. துவக்கைக் கழுத்தில வச்சவன். அதுக்குப் பேந்துதான் இந்தக் காந்தத்தைப் பூட்டினனான். வீட்டில சொல்லேல்லை."

பின்னால் வந்த கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். ஜீப் மெல்ல நகர்ந்தது.

"தம்பி," என்று மாமி என்னைத்தான் கூப்பிட்டார். "நான் இவரோட போறன். இந்தப் பிள்ளைக்குத் தன்ர பயத்தைச் சொல்ல வீட்டில ஒரு ஆள் வேணும்." பிறகு சகலனிடம், "ஆனா உந்தச் சாமான் இருக்கிற வாகனத்தில ஏறமாட்டன், சொல்லிப்போட்டன்," என்றார்.

இரக்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு வந்தது பொறாமைதான். இந்த நாட்டில் நானும் எத்தனையோ நாள் பயந்திருக்கிறேன். மாமிக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டேன். அந்தக் கிடங்குக்கு வழி காட்டியதும் நானேதான்.

ஞாயிறு காலை சகலன் என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஜீப்புக்குள் முதுகை வளைத்துப் படுத்து, இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். காந்தத்தைத் துடைத்து, எனக்கு நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. அவர் என் பழைய வான் நின்ற இடத்துக்கு நடந்துபோய், அதன் கதவில் டக்கென்று ஒட்டிவிட்டு, திரும்பி வந்து மாமியின் பெட்டியைத் தூக்கினார்.