ஒரு பக்கம் சாய்ந்த கோட்டு

அவ்வொகாத்தோவின் கோட்டு ஒரு பக்கம் சாய்ந்துதான் தொங்கும். பலேர்மோ துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற பழைய கட்டடத்தின் நாலாம் மாடி, நீண்ட நடை, நடையின் முடிவில் ஒரு பித்தளைக் கொளுக்கி. குளிருக்குக் கம்பளிக் கோட்டு, வெயிலுக்கு வெள்ளை லினன் கோட்டு. எதைத் தொங்கவிட்டாலும் வலது பக்கம் தாழ்ந்துவிடும். பையின் உட்துணி இழுபட்டு ஒரு சிறு சாக்காகிவிட்டிருந்தது. எத்தனை தரம் அழுத்தித் தேய்த்தாலும் அந்த வடிவு போகாது. அந்த வீட்டில் துணி தேய்ப்பதும் சமைப்பதும் என் வேலை. வழக்கறிஞர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள், அவ்வொகாத்தோ என்று. அவருடைய தாய், மூத்த சிஞ்ஞோரா, பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைத் தூக்கவும் திருப்பவும் கழுவவும் என் அத்தான், அக்காவின் கணவர், அங்கே வேலையில் இருந்தார்.

"பார் பிள்ளை, உள்ளுக்கை மனுசிக்குப் பாரிசவாதம், வெளியிலை கோட்டுக்குப் பாரிசவாதம்" என்பார் அத்தான். "ரெண்டையும் தூக்கிற சம்பளம் ஒண்டுதான்."

பையில் கைத்துப்பாக்கி இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரியும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. தொண்ணூறுகளின் முற்பாதி அது, நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்ற காலம். சிலர் குடியிருந்த கட்டடங்களின் வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். மற்றவர்கள் தங்கள் பயத்தைத் தாங்களே சுமந்தார்கள். அவ்வொகாத்தோ கடனில் மூழ்கியவர்களின் சொத்துகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் வழக்குகளைப் பார்த்தவர். ஒரு விடியலில் யாரோ அவருடைய அலுவலகக் கதவுக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பிறகுதான் உடையின் கீழ் ஆயுதம் மறைத்துக்கொண்டு போக அவருக்கு அனுமதி கிடைத்தது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தான் இன்னமும் பயப்படுவதாக ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மனுவைக் கொடுக்கும் வாசலும் எங்கள் பெர்மெசோவுக்கு, வதிவிட அனுமதிக்கு, நாங்கள் வரிசையில் நிற்கும் வாசலும் ஒன்றுதான்: குவெஸ்தூரா, பொலிஸ் தலைமையகம். அவர் தன் துப்பாக்கிக்காக நின்றார். நாங்கள் எங்களுக்காக நின்றோம். அந்தக் கோட்டைத் தொட்டுப் பழகிய பிறகு எனக்கு ஒரு நோய் பிடித்தது. பேருந்தில், பூசையில், பல்லாரோ சந்தை நெரிசலில் ஆண்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டேன். அவர்களுடைய கோட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்தேன். பாதி நகரம் சாய்ந்து நடப்பதாகத் தோன்றியது.

அந்த வசந்தத்தில் அக்காவும் அத்தானும் ஒரேயொரு கடதாசிக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மகள், எனக்குப் பெறாமகள், மன்னாரில் அத்தானின் தங்கையோடு இருந்தாள். குண்டு விழும்போது எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த சின்னப் பெண். அவளைக் கூப்பிடும் மனு குவெஸ்தூராவில் கிடந்தது. அத்தானின் பெயரில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி விழுந்தாலும் போதும், அந்த மனு அப்படியே கிடந்து உக்கிப்போகும்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து அவ்வொகாத்தோ தூங்கப் போயிருந்தார். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். பல்கனியில் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தான் உள்ளே வந்தார். ஓடவில்லை. அதுதான் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது.

"கீழை ஜீப் நிக்குது. உடுப்புப் போட்டவங்கள் ஏறி வாறாங்கள்" என்றார். என்னைக் கடந்து நடைக்குள் போனார். பிறகு மூத்த சிஞ்ஞோராவின் அறைக்கதவு மெல்லச் சாத்தும் சத்தம். பிறகு வாசல் மணி.

வந்தவர்கள் கராபினியேரி, இராணுவப் பொலிஸ். முன்னால் நின்ற அதிகாரி, மரெஷால்லோ, நரைத்த மீசைக்காரர், மரியாதையானவர். அனுமதி வைத்திருப்பவர்கள் ஆயுதத்தை எங்கே, எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று பார்க்கும் வழமையான சோதனை என்றார். அவ்வொகாத்தோ மேலங்கியின் வாரைக் கட்டிக்கொண்டே வந்தார். மேசை லாச்சியில் பூட்டித்தான் வைப்பேன், இன்று மட்டும் களைப்பில் மறந்துபோனேன் என்று சிரித்தபடி கொளுக்கியை நோக்கி நடந்தார். அவர் பைக்குள் கையை விடும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கோட்டு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய கை பைக்குள் போய் அங்கேயே நின்றது. பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டுத் திறப்பைத் தந்து வைத்திருந்த மனிதர். என் சமையலுக்கு அடிமை என்று விருந்தாளிகளிடம் சொல்பவர். அந்தப் பார்வையில் நான் அவருக்கு யாரோ ஆகிப்போனேன். மரெஷால்லோ ஒருவனை வாசலில் நிற்கச் சொன்னார். எங்கள் பெர்மெசோக்களைக் கேட்டு வாங்கினார். அவருடைய விரலிடுக்கில் அத்தானின் கடதாசி மடங்கியதைக் கண்டபோது, மன்னாரில் இருந்த பிள்ளையின் கழுத்தை யாரோ பிடித்ததுபோல் இருந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றார் அத்தான், தன் முறிந்த இத்தாலியனில். "வாருங்கள்."

எல்லோரும் அவர் பின்னால் போனோம். அவர் தினமும் செய்வதைப்போலவே மூத்த சிஞ்ஞோராவின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து ஒரு பக்கமாகத் திருப்பினார். றப்பர் விரிப்பை உயர்த்தினார். ஒரு துவாய்ப் பொட்டலம். கட்டிலில் அசையாமல் கிடக்கும் நோயாளியை எந்தச் சிப்பாயும் புரட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் சுற்றிவளைப்புகளுக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். மரெஷால்லோ பொட்டலத்தை அவிழ்த்தார். துப்பாக்கி தனியாக, மகசின் தனியாக, இரண்டுக்கும் நடுவில் ஒற்றைத் தோட்டா தனியாக.

அவர் அந்த ஒற்றைத் தோட்டாவைத்தான் எடுத்துப் பார்த்தார். மகசினைக் கழற்றினாலும் குழலின் அடியில் சுடத் தயாராக ஒன்று நிற்கும். பழக்கமில்லாதவன் அதை மறந்துவிடுவான், ஆட்கள் சாவது அதனால்தான் என்றார். பிறகு அத்தானின் கைகளைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு யார் பழக்கியது?"

அத்தான் றப்பர் விரிப்பைத் திரும்ப விரித்து, நோயாளியை நேராகப் படுக்கவைத்தார். மூத்த சிஞ்ஞோரா கரகரவென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பழக்கினேன்" என்றார் அவ்வொகாத்தோ. "நான் தூங்கும்போது எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லியிருந்தேன். இடத்தைத்தான் இவன் தன் புத்திக்குத் தேர்ந்துவிட்டான்."

மரெஷால்லோ நம்பவில்லை. நம்பாதவர்கள் முகத்தை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வழக்கறிஞரின் சொல்லுக்கு எதிராக எழுதப் போனால் எவ்வளவு எழுதவேண்டும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். ஆயுதத்தைப் பூட்டி வைக்கும்படி கடுமையாகச் சொன்னார். பெர்மெசோக்களைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பல்லாரோவுக்குள் நடந்தோம்.

"ஏன் அத்தான் எடுத்தனீங்கள்? அவரிட்டைக் கடதாசி இருக்கெல்லே?"

"அந்த நேரம் கடதாசி ஞாபகம் வரேல்லைப் பிள்ளை. உடுப்புக்காரர் ஏறி வந்தால் வீட்டிலை அது இருக்கக் கூடாது. அவ்வளவுதான் வந்தது."

"அந்த ஒண்டு உள்ளுக்கை நிக்கும் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் ஒரு மீன்கடை முன்னால் குனிந்தார். "கணவாய் வடிவாக் கிடக்கு. கொக்காவுக்கு வாங்குவம்."

அல்பெர்கேரியாவில் எங்கள் ஒற்றை அறையில் அக்கா கணவாயைக் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். "அவர் வள்ளத்திலை எஞ்சின் திருத்தினவர்" என்றாள், தலை நிமிராமல். "இரும்பெல்லாம் இரும்புதானே." கலியாணத்துக்கு முந்திய இரண்டு வருடங்களைப் பற்றி அத்தான் ஒருபோதும் கதைத்ததில்லை. கோயிலடியில் கூடும் எங்கள் ஆட்களும் கேட்பதில்லை. யார் எந்தப் பக்கம் நின்றவர், யாரிடமிருந்து ஓடியவர் என்று கேட்கத் தொடங்கினால் பக்கத்தில் முழந்தாளிட ஆள் மிஞ்சாது. நானும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் மூத்த சிஞ்ஞோராவைத் திருப்பும்போது அந்தக் கைகளை நான் பழைய கண்ணால் பார்க்கவில்லை.

அவ்வொகாத்தோவும் பழைய கண்ணால் பார்த்திருக்கமாட்டார். மறுநாள் மதியம் அவர் தூங்கப் போனபோது அறைக்கதவு உள்ளேயிருந்து பூட்டப்படும் சத்தம் கேட்டது. அதுவரை கேட்காத சத்தம். எங்களை மரெஷால்லோவிடமிருந்து காப்பாற்றியவர் எங்களிடமிருந்து தன்னைப் பூட்டிக்கொண்டார். காப்பாற்றினாரா என்பதும் எனக்குச் சந்தேகந்தான். துப்பாக்கியை நடையில் தொங்கவிட்டதற்கு அவருடைய அனுமதியும் போயிருக்கும். அந்தப் பொய் அத்தானுக்கு ஒரு கை கொடுத்தது என்றால் அவருக்கு இரண்டு கை கொடுத்தது. ஆனாலும் சொல்லும் முன் அவர் தன் தாயை ஒரு கணம் பார்த்தார். அந்தக் கணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மனு உக்கிப்போகவில்லை. அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு முன் பெறாமகள் வந்து சேர்ந்தாள்.

இப்போது அக்கா வீடு ஒரேத்தோவில். அவ்வொகாத்தோ செத்து நெடுங்காலமாகிவிட்டது. பெறாமகள் இத்தாலியக் குடியுரிமை எடுத்து, சிசிலிக்காரியாகவே கதைத்து, துறைமுக வாசலில் கப்பல் ஏறுபவர்களைச் சோதிக்கும் காவல்காரியாகிவிட்டாள். ஆயுதம் வைத்திருக்கும் அனுமதி கிடைத்த கிழமை நான் அங்கே போயிருந்தேன். அவள் வேலையால் வந்து, கதவடிக் கொளுக்கியில் சீருடை மேற்சட்டையைத் தொங்கவிட்டாள். அத்தான் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உள்ளுக்கை ஒண்டும் நிக்கேல்லையே?"

"இல்லை அப்பா, கீழையே எடுத்துப் போட்டன்." அவள் சப்பாத்தைக் கழற்றியபடி நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளுக்கை ஒண்டு நிக்கும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

குசினியில் அக்காவின் கத்தி நின்றது.

"அவ்வொகாத்தோ பழக்கினவர்" என்றார் அத்தான்.

கத்தி மறுபடி வெட்டத் தொடங்கியது. நான் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கொளுக்கியைப் பார்த்தேன். புதுச் சட்டை. அதற்குள் அதன் வலது பக்கம் தாழத் தொடங்கிவிட்டது.