நல்லதம்பி மச்சானின் விரதம்

ஆலங்குடியில் மெடிக்கல் ஷாப் வைத்து எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவன் எந்த மருந்துக்கு வந்திருக்கிறான் என்பதை அவன் நிற்கிற இடத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இருமலுக்கு வந்தவன் நேராக வந்து முன்னால் நிற்பான். மூலத்துக்கு வந்தவன், மற்ற ஆட்களெல்லாம் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்று காலண்டரைப் படிப்பான். அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பு என்று ஒன்று இருந்தால் பின்பக்கமும் இருக்கத்தான் செய்யும், இதில் என்ன வெட்கம் வேண்டிக் கிடக்கிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன்.

இத்தனை வாய் பேசுகிற நான்தான், என் சொந்த அக்கா புருஷனுக்கு ஆறு மாதம் மூலக் களிம்பு கொடுத்தேன். ஒரு தடவைகூட, எத்தனை நாளாக ரத்தம் போகிறது என்று கேட்கவில்லை.

அவர் பெயர் நல்லதம்பி. போர்வெல்லுக்குள் கேமரா விடுவதுதான் அவர் தொழில். எங்கள் பக்கம் எழுநூறு அடி, எண்ணூறு அடி என்று துளை போட்டிருக்கிறார்கள். திடீரென்று தண்ணீர் நின்றுவிட்டால், மோட்டார் சிக்கியிருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, ஊற்றுக்கண் அடைத்திருக்கிறதா என்று மேலே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மச்சான் டிவிஎஸ் எக்ஸெல்லில் கேபிள் டிரம்மையும் சின்ன டிவியையும் கட்டிக்கொண்டு போவார். கேமராவை மெல்ல இறக்கி, தென்னந்தோப்புக்காரனை உட்கார வைத்து, டிவியில் காட்டுவார். "இந்தா பாருங்க, இங்கிட்டுதான் கண்ணு. அடைப்பு அதுக்குக் கீழ" என்பார். ஒருநாளும் பொய் சொல்லமாட்டார். உள்ளே தண்ணீர் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, டிரம்மைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். அதனாலேயே ஆலங்குடியிலிருந்து மணமேல்குடி வரை அவருக்குக் கிராக்கி இருந்தது. அதிகம் பேசாத மனிதர். என்னிடம் மட்டும் வாய் நீளும். "என்ன மாப்ள, இன்னைக்கி யாரக் கடிச்சு வச்ச?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைக்குள் காலை வைப்பார்.

அந்த வருடம் தை மாதத்தில் ஆள் இளைத்துப்போனார். சட்டை தோளிலிருந்து நழுவியது. மாசியில் அன்புமொழி அக்காதான் கடைக்கு வந்து அழுதாள். "வேட்டியில கறையா இருக்கு தம்பி. கேட்டா வெயிலு, சூடுங்கிறாரு." நான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். அங்கே டாக்டர் ஷர்லி, கையால் பரிசோதித்துவிட்டு, இது மூலம் மாதிரி இல்லை, பெருங்குடலுக்குள் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று தேதி கொடுத்தார். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று ஒரு தாளும் கொடுத்தார்.

அந்தத் தாளை நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். இங்கேதான் என் புத்தி கெட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மச்சான் கடைக்கு வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவரும் ஓரமாகப் போய்க் காலண்டரைப் படித்தார். கூட்டத்துக்கு நடுவில் அந்தத் தாளை எடுத்து, கீரை கூடாது, விதையுள்ள காய் கூடாது, பால் கூடாது, கடைசி நாள் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும்தான் என்று வரி வரியாக வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. அவரும், "சுருக்கமாச் சொல்லு மாப்ள, ஆளு நிக்குது" என்றார்.

நான் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாளு அம்மனுக்கு வெரதம் இருப்பீங்கள்ல, அது மாதிரி இருந்துக்கங்க. சோறு கூடாது. சாயங்காலம் இந்தப் பவுடரத் தண்ணியில கரைச்சுக் குடிச்சிருங்க. அம்புட்டுத்தான்."

"வெரதமா? அது எனக்குத் தெரியாததா?" என்று பேதிப் பவுடர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

முப்பது வருடம் பால்குடம் எடுக்கிற மனிதர். எங்கள் ஊரில் அம்மனுக்கு விரதம் என்றால் என்ன? சோறு கிடையாது. பாலும் பழமும் உண்டு, ஊறவைத்த பாசிப்பயறு உண்டு. அவர் நான் சொன்னதை அப்படியே செய்தார். புதன்கிழமை முழுக்கப் பால் குடித்தார், பழம் சாப்பிட்டார், பாசிப்பயறு சாப்பிட்டார். சாயங்காலம் அந்த உப்புத் தண்ணீரை முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

வியாழக்கிழமை நான் மட்டும்தான் கூடப் போனேன். மாடு கன்று போடுகிற சமயம் என்று அக்கா வீட்டில் இருந்துவிட்டாள். பச்சை அங்கியைப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பின்பக்கம் திறப்பு. மச்சான் அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பத்து நிமிடத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன சாப்பிட்டாரு நேத்து? உள்ள ஒரே கொய்யா வெதையா கெடக்கு, பயத்தந்தோலு கெடக்கு. கொஞ்ச தூரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியல. தாள யாரு வாசிச்சுச் சொன்னது?"

கட்டிலில் மச்சான் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூங்க ஊசி போட்டும் கண் அரைகுறையாகத் திறந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. நான், அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டேன். டாக்டர், "வர்ற வாரமே திரும்ப வரணும், தள்ளிப்போடாதீங்க" என்று தேதி எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மச்சான், "வீட்ல ஒண்ணும் சொல்லிக்காத மாப்ள" என்றார். அக்கா வாசலிலேயே நின்றாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். "மிஷினு ரிப்பேராம். இன்னொரு நாளைக்கி வரச் சொல்லிட்டாக." ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர், என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாரே என்று நினைத்தேன். நன்றியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தைவிட நன்றி அதிகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் பால்குடக்காரர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பதினைந்து நாள் போயிற்று. பிறகு சித்திரை, வைகாசி. வெயிலில் போர் எல்லாம் வற்றும். கேமராக்காரருக்கு ஓய்வேது? நான் போய்க் கூப்பிட்டால், "வாரேன் மாப்ள, இந்த ஒரு போரு மட்டும்" என்பார். என்னாலும் பழைய மாதிரி அதட்ட முடியவில்லை. குற்றம் செய்தவனுக்கு ஏது குரல்? ஆடி பிறந்த பிறகு, வயிறு உப்பி, வாந்தி எடுத்து, தானாகவே வந்து கடை முன்னால் நின்றார். ஓரமாக இல்லை, நேராக.

இந்தத் தடவை நான் கடையைச் சாத்திவிட்டு, அந்தத் தாளை எடுத்து வரி வரியாக வாசித்தேன். "மச்சான், ஒங்க தொழில வச்சே சொல்றேன். போருக்குள்ள கலங்கலா இருந்தா கேமராவுல எதாச்சும் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? மொதல்ல கம்ப்ரசர் போட்டு அடிச்சு, தெளிஞ்ச தண்ணி வந்த பெறகுதான் எறக்கணும்."

"அந்தப் பவுடரு அதுக்குத்தான். வயித்துல இருந்து போறது வெறும் தண்ணியா, தெளிவாப் போகணும். அதுல பாலு, பழம், வெதை எதுவும் இருக்கக் கூடாது. ஒரு சக்கை கெடந்தாலும் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். "இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே மாப்ள" என்றார். குத்திக் காட்டவில்லை. ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மறுபடி புதுக்கோட்டைக்குப் போனோம்; உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார். முழங்காலை மடக்கி நெஞ்சோடு வைக்கச் சொன்னார்களாம். குழாய் போவதைவிட, வழி தெரிவதற்காக உள்ளே காற்றடிப்பதுதான் சங்கடமாம். வயிறு உறுமி மேளம் மாதிரி ஆகிவிட்டதாம். நர்ஸ், "காத்து வந்தா விட்ருங்கய்யா, வெக்கப்படாதீங்க" என்றாளாம். "அம்புட்டுத்தான் மாப்ள. இதுக்குப் பயந்தா நான் இத்தன நாளு ஓடுனேன்?" என்றார். அவரும் தலையைத் திருப்பி டிவியைப் பார்த்திருக்கிறார். தொழில் புத்தி. பாதி வழியில் கேமரா நின்றதாம். சிவப்பாக, புடைத்து, வழியை மறித்துக்கொண்டு ஒன்று இருந்ததாம். ஊசி முனை அளவுதான் சந்து. அடைப்பைப் பார்த்தால் அவருக்குத் தெரியாதா? டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்தார்கள். புற்று கல்லீரலிலும் பரவியிருந்தது. நான் தனியாகப் போய் டாக்டரைக் கேட்டேன். "மாசியிலயே பாத்திருந்தா?" அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அத இப்பக் கேட்டு என்ன பண்ணப்போறீங்க?" என்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆபரேஷன் செய்து, மலம் போக வயிற்றில் பை மாட்டி, தஞ்சாவூருக்கும் வீட்டுக்கும் அலைந்து, அடுத்த தை முடிவதற்குள் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது. கடைசிவரை அக்காவிடம் அந்த மிஷின் கதையை மாற்றவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா அதையே சொல்லி அழுதாள். "அன்னைக்கி அந்த மிஷினு நாசமாப் போகாம இருந்திருந்தா எம் புருசன் இருந்திருப்பாரு." நான் பந்தலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. போன மாதம் அவர் மகன் கோபிநாத் குவைத்திலிருந்து லீவில் வந்தான். கடைக்கு வந்து, ஓரமாக நின்று காலண்டரைப் படித்தான். நான் களிம்பை எடுக்கவில்லை. கையைப் பிடித்துப் புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு இருந்ததால் இவனுக்கும் உள்ளே பார்த்துவிடுவோம் என்று டாக்டர் ஷர்லி தேதி கொடுத்தார். கோபிநாத்துக்கு வெறும் மூலம்தான், வேறொன்றும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அது எங்களுக்குத் தெரியாது.

பையன் பவுடர் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கக்கூசுக்கு ஓடிக்கொண்டிருந்தான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தம்ளர் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா திடீரென்று அந்தத் தண்ணீர் இருந்த சொம்பைப் பிடுங்கினாள். "போதும். அந்த ஆஸ்பத்திரிக்கி எம்புள்ளய அனுப்பமாட்டேன். ஓட்ட மிஷின வச்சுக்கிட்டு அவுக அப்பனக் கொன்னது பத்தாதா?"

சொம்பு அவள் கையில் இருந்தது. விட்டால் கீழே ஊற்றிவிடுவாள். இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப்பையில் வைத்த தாளை, விரதம் என்று சொன்னதை, பாலை, பயற்றை, கொய்யா விதையை. "நான் சொன்ன ஒரு சொல்லுதாங்க்கா. மச்சான் என்னக் காட்டிக்குடுக்கல." அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சொம்பைக் கவனமாகப் பக்கத்தில் வைத்தாள்.

"கொய்யாவ நாந்தான்டா நறுக்கிக் குடுத்தேன்" என்றாள். "வேணாம் புள்ளைன்னாரு. வெறும் வயித்தோட கெடக்கீகளேன்னு நாந்தான் வம்பா ஊட்டிவிட்டேன். ரெண்டு பழம்."

மச்சான் பொய் சொன்னது எனக்காக இல்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சாகும்வரை காப்பாற்றி வைத்ததை, நான் என் பாரம் குறையட்டும் என்று எடுத்து அக்கா தலையில் வைத்துவிட்டேன்.

கோபிநாத் வெளியே வந்து, "இன்னும் எத்தன தம்ளர் மாமா?" என்று கேட்டான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த தம்ளரை விளிம்புவரை ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"நாலு" என்றாள். "ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."