என் ஓட்டும் ஒரு அட்டை மறைப்பும்

எனக்கு வயது எண்பத்தாறு. வளர்த்தது ஏழு பேர். பெற்றது ஆறு, நாத்தனார் விட்டுவிட்டுப் போனது ஒன்று. ஏழில் ஒன்றும் சோடை போகவில்லை. சோடை அடுத்த தலைமுறையில்தான் ஆரம்பித்தது. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்க வரும். அதற்கு மேல் எழுத்தோடு எனக்குப் பழக்கமில்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மெதுவாக எழுதடி, எனக்கு எங்கும் போகிற வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இருப்பது சின்ன மகன் வீட்டில், அரியலூரிலிருந்து செந்துறை போகிற ரோட்டோரம். சிமெண்ட் லாரி போனால் ஜன்னல் அதிரும். அவன் மகன், இந்தப் பேத்திக்கு அண்ணன், பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து வீட்டில் இருக்கிறான். வேலை இல்லை என்று சொல்லக் கூடாதாம், தேடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல வேண்டுமாம். தேடுவது போனில். வெயில் ஏறியதும் அவனுடைய சேக்காளிகள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். மூன்று பேரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து உலகத்தைப் பங்கு பிரிப்பார்கள். இந்த நாட்டுக்காரன் குண்டு போட்டது சரி என்பான் ஒருத்தன், அந்த நாட்டுக்காரன் திருப்பி அடித்தது போதாது என்பான் இன்னொருத்தன். போனில் அந்த நாடுகளின் பெரிய மனிதர்களை எனக்கும் காட்டினார்கள். எங்கள் ஊர்ப் பங்காளிகள் வரப்புச் சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரில் வருவார்கள். இவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவன் பிள்ளையை அனுப்புகிறார்கள். இதைப் பார்த்து ஆவென்று வாய் பிளக்க என்ன இருக்கிறதோ.

ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை விலை இறங்கினாலும் அமெரிக்காக்காரன்தான் காரணம் என்றான் பேரன். அன்றைக்கு அவன் அப்பன் ஆள் கிடைக்காமல் எங்கள் முந்திரிக்காட்டில் தனியாகக் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தான். அதற்கு எந்த நாடு காரணம் என்று நான் கேட்கவில்லை.

தேர்தல் வரப்போகிறது என்றதும் பேச்சு அங்கே திரும்பியது.

"ஜனநாயகமெல்லாம் சும்மா அப்பத்தா. ஓட்டுப் போட்டு என்னா ஆச்சு? ஒரே ஆளு, கண்டிசனா இருக்கணும். ஒரே ஆளு ஆளுற அந்த நாட்டுல எவனாவது எதுத்துப் பேசிட முடியுமா?" என்றான் பேரன்.

"அப்படி ஒருத்தன் இங்க வந்தா மொதல்ல யாரடா புடிச்சுட்டுப் போவான்? பத்து மணிக்கு எந்திரிக்கிறவனத்தான்."

சேக்காளிகள் சிரித்தார்கள். அவனுக்குச் சுருக்கென்றது.

"ஒனக்கு அரசியல் தெரியாது, விடு."

"ஒனக்கு நம்ம வார்டு மெம்பர் பேரு தெரியுமா?"

தெரியவில்லை. போனில் தேடினான். உலகமே இருக்கிற போனில் எங்கள் வார்டு மட்டும் இல்லை.

அவன் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வராமல் காத்துக் கிடந்தவன். ஆனால் வயிற்று வலிக்காரன் வைத்தியனைத் திட்டலாம், வயிறே வேண்டாம் என்று சொல்லலாமா?

நான் ஜெயங்கொண்டத்தில் மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்த நேரம், வயதானவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டு வாங்குகிறோம், விருப்பமா என்று ஆள் வந்து கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் பேரன் பெரிய உபகாரம் செய்தவன் மாதிரிச் சொன்னான்.

"நீ இனிமே வெயில்ல நிக்க வேணாம் அப்பத்தா. வூட்டுக்கே வருவாங்க. ஃபாரத்துல ஒங் கையெழுத்த நானே போட்டுக் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டுடா போட்ட?"

"ஒரு ஓட்டுதான? எங்க போட்டா என்ன?"

எங்கே போட்டால் என்ன என்பது அவனுக்குத் தெரியாது. நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது மாமனார் சொல்கிற சின்னத்துக்குத்தான் வீடே ஓட்டுப் போடும். பெண்களை வரிசையாக நடக்கவிட்டு, ஓட்டுச்சாவடி வாசல்வரை வந்து, சின்னத்தை இன்னொரு தடவை சொல்லிவிட்டு நிற்பார். மறைப்புக்குள்ளே மட்டும் அவர் வர முடியாது. அங்கே முத்திரையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருத்தரும் இல்லை. அடுப்படியில் என் பின்னால் ஆள் உண்டு, காட்டில் உண்டு, பிள்ளை பெற்றபோதும் உண்டு. அங்கே மட்டும் இல்லை. எதில் குத்தினேன் என்று மாமனாருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் கேட்டார், அவருக்கும் தெரியாது. முத்திரை போய்ப் பட்டன் வந்த பிறகும் அப்படித்தான்.

சொன்ன நாளில் வந்தார்கள். ஆபீசர் அம்மா ஒருவர், கூட ஒரு சார், போலீஸ்காரர், வீடியோ எடுக்கிற பையன், கட்சிக்காரர்கள். டிவி ஸ்டாண்டின் மேல் ஒரு அட்டையை மடித்து நிறுத்தி, இதுதான் மறைப்பு என்றார்கள். அதற்கு இந்தப் பக்கம் மகன், மருமகள், பேரன், அவன் சேக்காளிகள், எட்டிப் பார்க்கிற தெரு. வாசலிலிருந்து ஒரு கட்சிக்காரன், "பாட்டி, நம்ம சின்னம் ஞாபகம் இருக்குல்ல?" என்றான். மாமனார் குரலேதான்.

"எடுத்துட்டுப் போங்க. நான் பூத்துக்கே வந்து போட்டுக்கறேன்."

ஆபீசர் அம்மா பொறுமையாகச் சொன்னார். "ஒங்க பேரு இந்த லிஸ்ட்டுல ஏறிடுச்சு பாட்டி. பூத்துக்கு வந்தா விடமாட்டாங்க. இன்னும் ஒரு தடவை வருவோம். அன்னைக்கும் போடலன்னா ஒங்களுக்கு ஓட்டு இல்லீங்க."

பேரனைப் பார்த்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை அவர்கள் வரும்முன்பே நான் தயாராக இருந்தேன். வந்ததும் போலீஸ்காரரிடம், "சார், மொதல்ல இதுங்கள வெளிய தள்ளுங்க" என்றேன். பெற்ற மகன் முதற்கொண்டு எல்லோரும் வெயிலில். கட்சிக்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அட்டையை அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து வைக்கச் சொன்னேன். வீடியோ பையனை வாசற்படியிலேயே நிற்க வைத்தேன். என் முதுகை வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் சீட்டைப் பிரித்தேன். மேலிருந்து கீழ்வரை எல்லாச் சின்னத்தையும் பார்த்தேன். பேனா எழுதுகிறதா என்று கையில் கிறுக்கிப் பார்த்தேன். லாரி ஒன்று போய் ஜன்னல் அடங்குகிறவரைக்கும் பொறுத்திருந்தேன். குறி போட்டு, மடித்து, கவரை நானே ஒட்டி, அது பெட்டிக்குள் விழுவதைப் பார்த்த பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன்.

பேரன் வியர்த்து வழிய உள்ளே வந்தான்.

"இவ்ளோ நேரமா? அப்படி யாருக்குத்தான் போட்ட?"

"ஒங்க தாத்தனுக்கே சொன்னதில்ல."

"எங்கிட்ட சொன்னா என்னா?"

"ஒனக்குப் புடிச்ச அந்த நாடா இருந்தா சொல்லியிருப்பேன்டா. அங்க சொல்லித்தான் ஆகணும்."



ஓட்டு நாளன்று மகனும் மருமகளும் காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். இவன் லீவு என்று தூங்கினான். சாயங்காலம் விரலை நீட்டச் சொன்னேன். வெள்ளையாக இருந்தது. அந்த விரலால்தான் ஏதோ ஒரு வெளிநாட்டில் யார் ஜெயித்தார்கள் என்று போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எழுதும்போது பேத்தி இடையிடையே நிறுத்துகிறாள். "அண்ணன் கோச்சுக்கும் அப்பத்தா" என்கிறாள். அண்ணனுக்காக அவள் எங்கேயாவது குறைத்து எழுதியிருந்தால் எனக்குத் தெரியாது. அதனால் படிக்க வேண்டியவன் அவன்தான்.

டேய், அந்தப் போனைக் கீழ வச்சுட்டு இங்க வா. இந்தா, மொதல்லேருந்து படி. சத்தமா படிடா, அந்த ரெண்டு பேருக்கும் கேக்கட்டும்.