எஞ்சினில் இருந்த காது

பந்தயத்துக்காக நான் தயார் செய்த பழைய காருக்குக் கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரம். இன்ஜெக்‌ஷன் என்றால் பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டரைச் சத்தம் கேட்டு நாமே திருக வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது; அதையே பொருத்தினேன்.

அந்தக் காரில் மனைவியோடு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனேன். முண்டியம்பாக்கம் தாண்டியதும், "இவ்ளோ நேரம் பேசிக்கினு வர்றேனே, என்ன சொன்னேன்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எஞ்சின் லேசாகத் திணறியதுதான் காதில் விழுந்திருந்தது.

"எங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னேங்க."

ஊர் திரும்பியதும் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றினேன். அடுத்த முறை விக்கிரவாண்டி வந்தும் அவள் வாய் திறக்கவில்லை.

"ஏதாவது பேசேன்."

"பேசிப் பேசி அலுத்துப்போச்சிங்க. நீங்க வண்டிய ஓட்டுங்க."

எஞ்சின் கோளாறு எதுவானாலும் எனக்குச் சத்தத்திலேயே பிடிபட்டுவிடும். திண்டிவனம் வரை அவள் மௌனத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை.