டிரம் இல்லாத பாட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் வயசான காலத்தில் உளறுகிறான் என்று எழுந்து போய்விடுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சொல்கிறவன் யாரென்று தெரிந்துகொண்டு போங்கள். பேய், ஆவி என்று எவனாவது வாயைத் திறந்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அடுத்தவன் வள்ளத்தில் தண்ணீர் இறைத்து, சங்கு குளித்து, இன்றைக்குத் தூத்துக்குடியில் சொந்தமாக மூன்று வள்ளமும் மாடி வீடும் வைத்திருக்கிறேன். கடலுக்கு அடியில் நான் பார்க்காத இருட்டா?

மூன்று வள்ளத்துக்கு முதலாளி என்றாலும் ஒரு வேலையை மட்டும் இன்றுவரை ஆள் வைத்துச் செய்யவில்லை. என் தங்கச்சி ஜெயராணியின் புருஷன் லூர்து சங்கு குளிக்க இறங்கினால் அவன் கயிற்றை நான்தான் பிடிப்பேன். எங்கள் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே அதுதான் வழக்கம், குளிக்கிறவன் கயிறு அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் கயிற்றை விடுவான்? இப்போது மூச்சுக்குக் கம்ப்ரசரும் காற்று டியூபும் வந்துவிட்டன, ஆனாலும் இடுப்பில் கயிறு உண்டு. விட்டு விட்டு மெதுவாக இழுத்தால் கயிறு விடு என்று அர்த்தம். படபடவென்று இழுத்தால் உடனே தூக்கு.

இந்த லூர்துக்கு இங்கிலீஷ் ராக் பாட்டுப் பைத்தியம். சின்ன வயசில் ஹார்பரில் சுற்றித் திரிந்து கப்பல்காரர்களிடம் கேசட் கேட்டு வாங்கி, கிடார் பழகி, கல்யாண வீடுகளில் வாசித்தவன். வள்ளத்திலும் ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்து அலறவிடுவான். பாட்டோடு விட்டால் பரவாயில்லையே, ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் ஒரு கதை வேறு.

"இது இருக்குல்லா மச்சான், இதப் பாடுனவன் பொண்டாட்டி ஓடிப்போன அன்னைக்கு எழுதுனது."

"பொண்டாட்டி ஓடுனதுக்கா இந்தக் கத்து கத்துதான்? ஊருக்கே தெரிஞ்சி போவும்லா!"

எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் சூசை விழுந்து விழுந்து சிரிப்பான்.

அப்படித்தான் ஒரு நாள் அந்தப் பாட்டைப் போட்டான். பாடின கூட்டத்தின் பெயர் என் வாயில் நுழையாது. ஏதோ ஏரிக்கரையில் பழைய வீடு பிடித்துப் பாட்டுப் பதிந்திருக்கிறார்கள். டிரம் அடிக்கிறவன் காலையில் ஏரியில் குளிக்கப் போனவன் திரும்பவே இல்லை, பிணமும் கிடைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் மற்றவர்கள் டிரம்மே இல்லாமல் ஒரு பாட்டுப் பாடினார்களாம். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், கிடார் எல்லாம் ஓய்ந்த பிறகு தனியாக டிரம் சத்தம் கேட்டிருக்கிறது. அடித்தது யாரென்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள் என்றான்.

நானும் கேட்டேன். டம்... டம்... டம்... அவ்வளவு மெதுவாக, விட்டு விட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாப்ள, இவன் கீழ கெடந்து கயிறு விடச் சொல்லுதான். மேல பிடிச்சிருக்கது யாரு, இவன் மச்சானா?"

சூசை சிரித்தான். லூர்து சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதிய மச்சான்" என்று சொல்லிவிட்டு, காற்று டியூபை வாயில் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டான்.

நல்ல வெயில். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. கம்ப்ரசர் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருக்கிறவன் பேசினாலே கேட்காது. என் கையில் கயிறு சும்மா கிடந்தது, சங்கு நிறைய கிடக்கிறது போல, ஒரே இடத்தில் நின்று பொறுக்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அந்த டிரம் கேட்டது. மெதுவாக இல்லை. படபடபடவென்று, வெறி பிடித்தவன் அடிக்கிற மாதிரி.

சட்டென்று கயிற்றைப் பார்த்தேன், அசைவே இல்லை. கேட்காமல் தூக்குவது கயிறு பிடிக்கிறவனுக்கு அசிங்கம், அதைவிட ஆபத்து. அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் தூக்கினால் கைகால் விளங்காமல் போய்விடும், அப்படி முடங்கிக் கிடக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒரு பாட்டைக் கேட்டுத் தங்கச்சி புருஷனை முடமாக்கினேன் என்று ஊர் பேசுமே. அந்தச் சத்தமோ நிற்கவில்லை, என் விலா எலும்புக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருந்தது. ஜெயராணி முகம் கண்ணுக்குள் வந்தது.

"ஏலே சூசை, தூக்குலே!"

"கயிறு இழுத்தாரா அண்ணாச்சி?"

"தூக்குங்கேன்!"

முதலில் கயிறு வரவே இல்லை, எங்கேயோ மாட்டியிருந்தது. இரண்டு பேரும் காலை உதைத்துக்கொண்டு இழுத்த பிறகு விடுபட்டு வந்தது. லூர்து நீலம் பாரித்து வந்தான். காற்று டியூப் வாயில் இல்லை. கவிழ்த்துப் போட்டு முதுகில் அறைந்து, தண்ணீரைக் கக்கவைத்து, அவன் கண் திறக்கிறதுக்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாறை இடுக்கில் கயிறும் டியூபும் சேர்ந்து மாட்டிக்கொண்டனவாம். "இழுத்து இழுத்துப் பாத்தேன் மச்சான், உங்களுக்குத் தெரியலியே" என்று அழுதான்.

"ஸ்பீக்கர்ல அந்த டிரம்மு கேக்கலன்னா நான் தூக்கியிருக்கவே மாட்டேன்லே" என்று சூசையிடம் சொன்னேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய? சார்ஜ் இல்லன்னு அவரு எறங்குன ஒடனே பாட்ட நான் அமத்திட்டேன்லா."

ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தேன். அணைந்துதான் கிடந்தது, மேலே வெயிலுக்குப் போட்ட ஈரச்சாக்கு.

ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்ததும் லூர்து முதலில் செய்த காரியம் அந்தப் பாட்டைப் போட்டதுதான். கிடார் ஓய்ந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. போனில் போட்டான், இல்லை. கப்பல்காரன் கொடுத்த பழைய கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டான், அதிலும் வெறும் இரைச்சல். "மச்சான், அந்த அடி எங்க போச்சி?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

வேறு தொழில் பார், காசு நான் போடுகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஜெயராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுகள நிறுத்த முடியாதுண்ணே, நீ கயிறு பிடிச்சாத்தான் நான் நிம்மதியா இருப்பேன்." நானும் பிடிக்கிறேன். முன்பெல்லாம் கயிறு பிடித்துக்கொண்டே பீடி குடிப்பேன், கதை பேசுவேன். இப்போது மூச்சுவிடவே பயமாக இருக்கிறது.

போன வாரம் கயிறு மெதுவாக இழுபட்டது, விட்டு விட்டு. கயிறு விடு என்கிற இழுப்பு. விட்டேன். மறுபடியும் இழுபட்டது, மறுபடியும் விட்டேன். லூர்து மேலே வந்து வள்ளத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"என்ன மாப்ள, இன்னைக்கு இவ்வளவு கயிறு கேட்ட?"

"நான் எப்ப மச்சான் கேட்டேன்? வள்ளத்துக்கு நேர கீழதான கெடந்தேன்."

ஒரு முனை அவன் இடுப்பில் கட்டியபடியே இருந்தது. மறுமுனை என் கையில். நடுவில் நான் விட்ட அவ்வளவு கயிறும் தண்ணீருக்குள் தொய்ந்து தொங்க வேண்டும் அல்லவா? தொங்கவில்லை. கீழே யாரோ பிடித்திருக்கிற மாதிரி விறைத்து நின்றது.