கத்திரியம்மாவை அழைக்கப் போன கார்

"பெட்ரோல் இருக்கு, பேட்டரியும் இருக்கு. அப்புறம் ஏன்டி நின்னு போகுது?"

அத்தை கார் பானெட்டைத் திறந்துகொண்டே என்னைக் கேட்டார். இது நடந்தது போன வருடம். அப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அத்தை, என் அப்பாவின் அக்கா. கடைத்தெருவில் ரொம்ப காலம் தையல்கடை வைத்திருந்தார். கூட்டாளி கத்திரியம்மா. அவர் துணி வெட்டுவார், அத்தை தைப்பார். அப்படி வந்த பெயர். கடைக்காக இருவரும் சேர்ந்து வாங்கியதுதான் இந்தக் கார். வாங்கும்போதே கிழம். சிறுவயதில் பின்சீட்டுத் துணிமூட்டைகள்மேல் படுத்துக்கொண்டு போவேன். முன்னால் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் "பிரேக், பிரேக்" என்று கத்துவார். இறங்கும்வரை சண்டைதான். புதுத்துணியும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

கடையை மூடிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அன்று கத்திரியம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். மகன் அவரைத் தன் ஊருக்கே கூட்டிப்போகிறான். இனி வாசம் அங்கேதான். "அதுக்கு முன்னாடி நம்ம கார்ல கடைப்பக்கம் ஒரு சுத்து" என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். மதியம்வரை காத்திருப்பதாக மகன் சொல்லியிருந்தான்.

காரோ ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் ஓடும், விக்கல் எடுத்து நின்றுவிடும்.

"டாக்சியில போயிடலாமே, அக்கா," என்றார் அப்பா.

"டாக்சிக்கு அவ மகன் கார் போதாதா?"

எஞ்சினுக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, அத்தை சைக்கிள் பம்பால் டேங்க் பக்கமாகக் காற்றடித்தார். உள்ளே குபுகுபுவென்று சத்தம் கேட்டது. குழாயை மாட்டியதும் கார் ஜோராகக் கிளம்பி, தெருமுனையில் மறுபடி நின்றது.

"தள்ளிக்கிட்டே போயிடலாமா?" என்றார் அப்பா.

"உன்னைத் தள்ளவே நாலு ஆள் வேணும். சும்மா இருடா."

பம்பால் அடித்த காற்று, அடைப்பை டேங்குக்குள்தான் தள்ளியிருக்கிறது. பெட்ரோல் ஓடியதும் அது திரும்ப வந்து குழாயின் வாயை அடைத்துக்கொள்கிறது. அத்தை காருக்கு அடியில் படுத்து, இந்த முறை டேங்க் பக்கத்து முனையைக் கழற்றினார். நான் பிடித்த கேனில் பெட்ரோல் வடிந்தது, சொட்டியது, நின்றது. ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டு இழுத்தார். ஈரப்பஞ்சு வந்தது, நீல நூலோடு.

"ஐயையோ, இது என் தையல்!"

டேங்க் மூடி எப்போதோ தொலைந்துபோக, இருவரும் பஞ்சு வைத்துத் தைத்த துணி மூடியைத்தான் மாட்டியிருந்தார்கள். காருக்குத் தொப்பி என்று ஊரெல்லாம் பெருமை வேறு. உள்பக்கம் பிரிந்து, பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்குள் இறங்கியிருக்கிறது.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் தையல் பிரியவே பிரியாதுன்னு பீத்திக்கிட்டியே!"

"வெட்டு சரியில்லடா. அது அவ வேலை."

டேங்கை அலசி, குழாயை மாட்டி, கைக்குக் கிடைத்த தகர மூடியைப் பொருத்திக்கொண்டு கிளம்பினோம். மதியம் தாண்டிவிட்டது. வழியெல்லாம் அத்தை மணியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மகனின் காரில் பெட்டிகள் ஏறிவிட்டிருந்தன. கத்திரியம்மா மட்டும் ஏறாமல், பையை மடியில் இறுக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அத்தையின் முகமெல்லாம் கரி. கத்திரியம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"மேக்கப் போடவாடி இவ்வளவு நேரம்?"

"ஏறுடி முதல்ல."

கடைத்தெருவில் அத்தை நடப்பதைவிட மெதுவாக ஓட்டினார். பின்னாலேயே வந்த மகன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அடிக்கட்டும்," என்றார் கத்திரியம்மா. "இன்னும் மெதுவாப் போ."

எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அதைத் தாண்டும்போது முன்சீட்டில் யாரும் பேசவில்லை, "பிரேக்" என்றுகூட.

அன்று மாலையே கத்திரியம்மா மகனோடு அவன் ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கடையில் துணி தைத்துப் போட்டுக்கொண்டவர்கள் இன்னும் எங்கெங்கோ இருப்பார்கள். அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: இருவரும் ஒரு தடவை சேர்ந்து அந்தப் பக்கம் வந்துவிட்டுத்தான் பிரிந்தார்கள்.