நூலில் தைத்த நிழல்

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. செஞ்சியில் என் பத்தாம் வகுப்பு மாணவிகளோடு எடுத்துக்கொண்ட குரூப் போட்டோவில் நாற்பத்தொரு பெண்கள். பின்புறம் எல்லோருடைய பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய போட்டோக்களின் மேல் நூலால் தையல் போட்டுக் கண்காட்சி வைக்கும் ஓர் இளம்பெண், அதை என்னிடம் வாங்கிப் பிரதி எடுத்து, பெரிதாக்கிக் கல்யாண மண்டபத்தில் மாட்டியிருந்தாள். போய்ப் பார்த்தேன். வலது ஓரத்தில், தரையில், ஆளில்லாத ஒரு நிழல். அதைச் சுற்றிச் சிவப்பு நூல். எனக்கு எரிச்சல் வந்தது. தைத்தவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னாம்மா, இல்லாத ஆள தெச்சி வெச்சிருக்க? கணக்கு நாப்பத்தொண்ணு."

பக்கத்தில் நின்ற நடுத்தர வயதுப் பெண் சிரித்தாள்.

"அது நாந்தான் சார். யூனிபார்ம் தாவணி இல்லன்னு தள்ளி நிக்கச் சொன்னீங்க. நெழலுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே!"

வருகைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு பேர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஒருத்தியைக் கழித்தவன் நான்.

"எம் பேரு சொல்லுங்க பாப்போம்" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள்.

மற்ற நாற்பத்தொரு பெயர்களும் வரிசையாக வந்தன. அவள் பெயர் மட்டும் வரவில்லை. அவள் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"பரவால்ல சார், பஸ்ஸுக்கு டைம் ஆவுது" என்று சொல்லிவிட்டு அனந்தபுரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பெயரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டோவின் பின்னால் நாற்பத்திரண்டு என்று எண் போட்டேன். அதற்கு எதிரே எழுத இன்றுவரை என்னிடம் பெயர் இல்லை.